தொட்டிப்பாறையில் எரிந்த எண்ணெய்

இறந்தவர்களைக் குறைசொல்லக் கூடாது என்பார்கள். ஆனால் சென்னியப்பனின் கோபத்தை எடுத்துவிட்டு அவரைப் பற்றிச் சொன்னால், அது வேறு யாரையோ பற்றிச் சொன்னதாகிவிடும். எங்கள் ஆவாரங்காட்டூரில் அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கினவர் கிடையாது. எதிரே வருகிறவர் மரியாதைக்கு, "சாப்புட்டீங்களா?" என்று கேட்டால், "இல்லீன்னா நீ கொண்டாந்து போடறயா?" என்பார். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். மனைவி பாவாயி ஒருவர்தான் அவரோடு அத்தனை வருசம் குடும்பம் நடத்தினார். எப்படி என்று கேட்டால், "அவரு பேச ஆரமிச்சா நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவனுங்க" என்று சொல்வார்.

எருமப்பட்டிக்குக் கிழக்கே, கொல்லிமலையிலிருந்து ஒரு துண்டு உடைந்து விழுந்ததுபோலத் தனியாக நிற்பது நெட்டமலை. அடியில் ஆவாரையும் சூரமுள்ளும். நடுவில் ஊஞ்ச மரமும் மூங்கிலும். மேலே பகலிலும் இருட்டாகக் கிடக்கும் சோலை. உச்சியில் ஆண்டவர் கோயில். தூரத்து ஊர்க்காரர்கள் மலையைப் பார்த்து அழகு என்று சொல்வார்கள். அடிவாரத்தில் குடியிருக்கிற எங்களுக்கு அது பொல்லாத மலை. மழை பெய்தால் கல்லை உருட்டும். வெயிலடித்தால் மலைத்தேனீயை ஏவும். தழை வெட்டப் போனவர்கள் கையையாவது காலையாவது கிழித்துக்கொள்ளாமல் திரும்பினதில்லை. அங்கே ஆண்டவர் இருக்கிறார் என்பதற்காகத்தான் ஏறினோம்.

சென்னியப்பனுக்கு மட்டும் அந்த மலை ஒத்துப்போயிற்று. இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. அமாவாசை தவறாமல் ஏறுவார். காணாமல் போன ஆட்டைத் தேடி ஏறுவார். பாவாயியோடு சண்டை போட்டாலும் ஏறுவார். கூட யாராவது வந்தால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான். "கால்ல மருதாணி வெச்சிருக்கறயா? பொழுதுக்கும் ஒரு கல்லுல நிக்கற" என்பார். மூச்சு வாங்கி உட்கார்ந்தால், "இங்கயே ஒரு கொட்டாய் போட்டுக் குடுக்கறேன், இருந்துக்க" என்பார். அதனால் ஒரு தடவை அவரோடு போனவர் மறுதடவை போக மாட்டார்.

ஊரிலேயே அவருக்கு ஆகவே ஆகாத ஆள் ராசப்பன். சொந்தச் சித்தப்பா மகன், பக்கத்துக் காட்டுக்காரர். இருவருக்கும் கிணறு ஒன்று. எழுபத்தைந்து கோடையில் தன் முறை முடிந்தும் மோட்டார் ரூம் பூட்டைத் திறக்காமல் சென்னியப்பன் எருமப்பட்டிச் சந்தைக்குப் போய்விட்டார். வேண்டுமென்றேதான் போனார். ராசப்பனின் மிளகாய் நாற்று வாடிச் செத்தது. மறுவருசம் ஐப்பசியில் சென்னியப்பனின் தாயார் தவறினார். சுடுகாட்டுக்குக் குறுக்குவழி ராசப்பன் காட்டின் வழியாகப் போகிறது. ராசப்பன் வேலிப்படலைச் சாத்தி அதன் மேல் முள்ளையும் போட்டார். சொந்தப் பெரியம்மாவின் பாடை ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு இருவர் வீட்டு நாய்கள்கூட ஒன்றையொன்று பார்த்தால் உறுமும்.

இவர்கள் இரண்டு வீட்டுக்கும் ஓர் உரிமை இருந்தது. கார்த்திகை தீபத்தன்று உச்சிக் கொப்பரையில் விளக்கேற்றுவது அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து வருகிற வழக்கம். ஒரு வருசம் அண்ணன் வீடு, மறு வருசம் தம்பி வீடு. எண்ணெய்க் குடத்தைத் தலையில் வைத்து, திரியை மடியில் கட்டி, வெறுங்காலோடு ஏற வேண்டும். குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது. விரதம் இருக்கிறவர் யாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், கெட்ட வார்த்தை பேசக் கூடாது. மலையில் நெருப்புத் தெரிந்த பிறகுதான் ஊரில் ஒரு வீட்டில் அகல் எரியும். அன்று மலையில் தீ தெரியாமல் போனால் உரிமை வேறு கூட்டத்துக்குப் போய்விடும். முன்னொரு காலத்தில் மேகம் மூடின வருசம் உச்சிக்குக் கீழே தொட்டிப்பாறை என்ற தட்டைப் பாறையில் ஏற்றினார்கள். ஊர் அதை ஒப்புக்கொண்டது.

தாயார் தவறின வருசம் முறை சென்னியப்பனுடையது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருசம் மலையேறக் கூடாதென்பதால் ராசப்பன் ஏறினார். மறுவருசம், எழுபத்தேழில், முறைப்படி ராசப்பன் வீடு. சென்னியப்பன் விடவில்லை.

"என்ற மொறையில நீ ஏறிட்டே. இப்ப உன்ற மொறையில நான் ஏறறேன். இதுல என்ன கணக்கு?" என்றார் ஊர்க்கூட்டத்தில்.

"நான் ஒண்ணும் ஆசைப்பட்டு ஏறல. நீங்க தீட்டுல உக்காந்திருந்தீங்க, ஊரு ஏறச் சொல்லுச்சு, ஏறுனேன்" என்றார் ராசப்பன்.

ஊர்க்கவுண்டர் அருணகிரி பொறுமைசாலி. அன்று அவருக்கே அலுத்துவிட்டது. "எண்ணெய் ஒருத்தன், திரி ஒருத்தன். ரெண்டு பேரும் ஏறுங்க. ஒண்ணில்லாம ஒண்ணு எரியாது. அங்க போயி அடிச்சுக்கிட்டாலும் எங்க காதுக்குக் கேக்காது" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். எண்ணெய் சென்னியப்பனுக்கு, திரி ராசப்பனுக்கு என்று ஆயிற்று.

அது திருச்சிப் பக்கமெல்லாம் வெள்ளம் போன வருசம். எங்கள் பக்கமும் ஐப்பசி மழை விடாமல் பெய்து மலைத்தடத்தை அங்கங்கே அரித்துவிட்டிருந்தது. பண்டாரம் காலையிலேயே பூசையை முடித்து இறங்கிவிட்டார். எப்போதும் கூடப் போகிற வாலிபர்கள் அந்த வருசம் ஒருவரும் போகவில்லை. மழையும் ஒரு காரணம். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடக்க யாருக்குத் தைரியம் வரும்?

மலையில் நடந்ததை இருவருமே பின்னால் சொல்லியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு விதமாக. இரண்டிலும் ஒத்துவருகிறதைத்தான் எழுதுகிறேன்.

மூங்கில் காடு வரைக்கும் பேச்சில்லை. பிறகு வாயை அடக்க முடியவில்லை. விரதமாயிற்றே, மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"சாமி கொஞ்சம் வெரசலா வந்தா தேவலீங்க. எருமை வயித்தைத் தூக்கிட்டு வாரமாதிரி இருக்குதுங்க."

"சாமி முன்னால போற வழி சரியாப் பாத்துப் போனாப் போதுமுங்க. ஊரான் மொளகாயைக் காயவுட்ட கண்ணு, சரியாத் தெரியுதோ என்னமோ."

"செத்த பொணத்துக்கு வழி உடாத சாமிக்கு உசுரோட போறவன் வழியைப் பத்தி என்னங்க கவலை?"

இப்படியே தொட்டிப்பாறைக்குக் கீழே இருக்கிற ஓடை வரைக்கும் போய்விட்டார்கள். ஓடையைக் கடக்கிற படித்தடம் இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு வழி மிச்சம். ஒன்று, திரும்பி மூங்கில் காட்டைச் சுற்றிப் போவது. இன்னொன்று, சரிந்த பாறையின் மேல் ஆடுகள் போகிற தடம். அதில் பாசி பிடித்துத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

ராசப்பன் சுற்றிப் போகலாம் என்றார்.

"சுத்திப் போனா பொழுது உழுந்துரும். பயமா இருந்தா திரியைக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போங்க சாமி."

"திரியைக் குடுத்துட்டா நாளைக்கு நீங்க ஒத்தையா ஏத்துனதாப் பேசுவீங்க. நானும் வாரேன், நடங்க."

சென்னியப்பன் குடத்தோடு கடந்துவிட்டார். அவர் கால் அந்தத் தடத்தில் பழகின கால். ராசப்பன் கனத்த உடம்பு. நடுப்பாறையில் கால் வழுக்கி, மூன்று ஆள் உயரம் உருண்டு ஓடைக் கற்களுக்குள் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் குடத்தைத் தலையில் வைத்தபடியே கீழே எட்டிப் பார்த்தார். அப்போதும் அவர் வாயில் வந்தது, "பாத்து வரமாட்டீங்களா சாமி?" என்பதுதான். பிறகு குடத்தை இறக்கிப் பாறையில் வைத்தார்.

அந்த வலியிலும் ராசப்பன் கத்தினார்: "கொடத்தைக் கீழ வெக்காதீங்க, தீட்டாயிரும்."

"தலையில கொடத்தோட உன்னை எப்படித் தூக்கறது? பல்லுலயா?" விரதம் அங்கேயே முறிந்தது. சாமியும் போயிற்று.

துண்டால் காலைக் குச்சியோடு சேர்த்துக் கட்டி, அக்குளில் கைகொடுத்து இழுத்து, எப்படியோ தொட்டிப்பாறைக்குக் கொண்டுபோய்ப் போட்டார். அதற்கே வெகு நேரமாயிற்று. அங்கிருந்து ஊர் நேராகத் தெரியும். சென்னியப்பன் கூப்பாடு போட்டார். ஓடைச் சத்தத்தில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை. தலைக்கு மேலே மேகம் கவிந்து உச்சி மறைந்துவிட்டது. ராசப்பனுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, உதடு வெளுத்தது. வந்த வழியில் அவரை ஒரே ஆளாக இறக்குவது ஆகாத காரியம். நாலு பேர் கயிற்றோடு வந்தால் இறக்கலாம். தான் போய் ஆளைக் கூட்டி வருவதற்குள் விடிந்துவிடும், ராத்திரி முழுக்க அந்தக் குளிரில் கிடந்தால் ராசப்பன் மிஞ்ச மாட்டார்.

ஆனால் பொழுது சாயப் போகிறது. இன்றைக்கு இந்நேரம் ஊரே வாசலில் நின்று மலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். சென்னியப்பன் யோசித்தது அதைத்தான். எண்ணெய் இருக்கிறது, திரி இருக்கிறது. இங்கேயே எரித்தால் ஊருக்குத் தெரியும். ஆள் வருவார்கள்.

"திரியை எடு" என்றார்.

ராசப்பன் மடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும். என்னை இங்க போட்டுட்டு மேல போயி ஏத்தி, உரிமையைப் பூராவும் உன்ற ஊட்டுக்குக் கொண்டுபோகப் பாக்கறே."

"ஏன்டா, மேல போறதுன்னா உன்னை இழுத்துட்டு வந்திருப்பனா? ஓடையிலயே கெடன்னு போயிருக்க மாட்டேன்? இங்கயே எரிக்கப் போறேன். ஊருல பாத்து ஆளனுப்பட்டும்."

"அப்ப உச்சியில வெளக்கு?"

"இல்ல."

"ஆளைக் கூப்புட எரிச்சா அது வெளக்காகாது. ரெண்டு ஊட்டுக்கும் உரிமை போயிருமே."

"போகட்டும்."

"நான் செத்தாலும் பரவால்ல, மேல போயி ஏத்து. என்ற பேரையும் சேத்துச் சொல்லு."

"உன்ற பேரை நான் எதுக்குச் சொல்றேன்?" என்று சொல்லிக்கொண்டே சென்னியப்பன் அவர் கையை விலக்கித் திரியைப் பிடுங்கினார். திரியோடு கற்பூரமும் தீப்பெட்டியும் வாழையிலையில் சுற்றி நனையாமல் இருந்தன. குடத்தின் கழுத்தைக் கல்லில் தட்டி உடைத்து வாயை அகலமாக்கினார். ஆண்டவரின் குடத்தை உடைத்தவர் எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் அவர் ஒருவர்தான். உடைக்கும்போது என்ன நினைத்தார் என்று ஒருமுறை பாவாயி கேட்டாராம். "கழுத்து கெட்டியாச் செஞ்சிருக்கறான் கொசவன்னு நெனச்சேன்" என்றாராம்.

நெருப்பு நன்றாகப் பிடித்தது. வெறுமனே எரிந்தால் ஊருக்குப் புரியாதோ என்று ஒரு தழைக்கொத்தை ஒடித்து நெருப்புக்கு முன்னால் மறைத்தும் விலக்கியும் ஆட்டினார். கை ஓய்கிற வரைக்கும் ஆட்டினார்.

கீழே நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். உச்சியில் மேகம். இந்த வருசம் அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டிருக்கும்போது தொட்டிப்பாறையில் தீ தெரிந்தது. "மேகத்துக்கு எறக்கி ஏத்திப்புட்டாங்க, நல்ல ரோசனை" என்றார் அருணகிரிக் கவுண்டர். தீ மறைந்து மறைந்து தெரிந்தது. "ஆண்டவர் கண்ணு சிமிட்டறாரு பாரு" என்று யாரோ சொல்லக் கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அரோகரா முழக்கம் எழுந்தது. மேளம் அடித்தார்கள். ராசப்பனின் மனைவி வசந்தாமணி முதல் அகலை ஏற்றினார். வீட்டுக்கு வீடு, வாசலுக்கு வாசல், ஊர் முழுக்க விளக்கு.

மேலே இருந்து அதை அவர்கள் பார்த்தார்கள். மேளச் சத்தம் காற்றில் லேசாக வந்தது. சென்னியப்பன் தழையைக் கீழே போட்டார்.

"ஆளனுப்பச் சொன்னா நம்மளைக் கும்புட்டுட்டு இருக்கறானுங்க" என்றார்.

ராசப்பன் சிரித்தேன் என்பார். அவன் அழுதான் என்பார் சென்னியப்பன்.

எண்ணெய் தீர்ந்தது. யாரும் வரவில்லை. பௌர்ணமி நிலா மேகத்துக்குள்ளிருந்து வெளிச்சம் மாதிரி ஒன்றைக் கொடுத்தது. ஆகாத காரியம் என்று நினைத்ததை அதற்கு மேல் செய்யத்தான் வேண்டியிருந்தது. வேட்டியைக் கிழித்து ராசப்பனை முதுகோடு கட்டிக்கொண்டு, மூங்கில் காட்டைச் சுற்றி, உட்கார்ந்தும் தவழ்ந்தும் இறங்கினார். வழி நெடுக வசவு. "சோத்தைக் கொஞ்சம் கம்மியாத் திங்கறதுக்கு என்னடா? கல்லு மாதிரி கனக்கற." ராசப்பனும் விடவில்லை. "ஆட்டுத்தடத்துல கூட்டிட்டு வந்தவன் சொமக்கட்டும்."

கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தி, நடுச்சாமமாகியும் கலையாமல் ஊர் கூடி நின்று பொரி உருண்டை தின்றுகொண்டிருந்தது. அப்போது கோவணத்தோடு, முழங்காலெல்லாம் ரத்தமாக, முதுகில் ஆளோடு சென்னியப்பன் வந்து நின்றார். பெண்கள் ஓடிவந்து ராசப்பனை இறக்கினார்கள். வசந்தாமணி தலையில் அடித்துக்கொண்டார்.

அருணகிரி, "அடடா, வெளக்கேத்திட்டு எறங்கறப்ப உழுந்துட்டீங்களாட்டங்குது. எப்படியோ, ஆண்டவர் காரியம் கொறையில்லாம முடிஞ்சுது" என்றார்.

சென்னியப்பன் பேசாமல் இருந்திருந்தால் போதும். உரிமை நிலைத்திருக்கும். ஊருக்கும் நிம்மதி. ஆனால் அந்த வாய் சும்மா இருக்குமா?

"வெளக்கா? எவன்டா வெளக்கேத்தினது? இவன் காலு ஒடிஞ்சு கெடக்கறான், ஆளு வாங்கடான்னு கூப்புட்டேன். கையாட்டிக் கூப்புட்டேன். நீங்க மேளம் அடிச்சுட்டுப் பொரியுருண்டை திங்கறீங்க. உங்க கண்ணுக்கு நெருப்புன்னா சாமி மட்டுந்தானா? உள்ள மனுசன் எரிஞ்சாலும் கும்புடுவீங்களா?"

அது விளக்கு இல்லையென்றால் ஊர் முழுக்க மலையின் உத்தரவில்லாமல் அகல் ஏற்றியாயிற்று. அந்தப் பாவம் யார் தலையில்? கிழவிகள் முணுமுணுத்தார்கள். ஒருவர், "இவனுக்கு நாக்குல சனி" என்றார். பல பேர் முகத்தில் சென்னியப்பன் மேல் கோபம்தான் தெரிந்தது. கூப்பிட்டும் போகாமல் போனோமே என்று ஒருவரும் சொல்லவில்லை.

அருணகிரி ராசப்பனிடம் குனிந்தார். "ராசப்பா, நீ சொல்லு. அது வெளக்கா, இல்லியா?"

ராசப்பன் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். வலியில் கண்ணை மூடியிருந்தார். இல்லை என்றால் பாட்டன் காலத்து உரிமை அந்த நிமிசமே போய்விடும். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வெளக்குத்தானுங்க. ரெண்டு பேருஞ் சேந்து ஏத்துனோம். எறங்கறப்ப உழுந்தேன்."

ஊர் மூச்சு விட்டது. அரோகரா என்று ஒரு குரல் எழ, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சென்னியப்பன் ராசப்பனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் காறித் துப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

தன் வாயாலேயே விளக்கில்லை என்றவனுக்கு விளக்குரிமை எதற்கு என்று தை மாதம் கூடிய ஊர் முடிவு செய்தது. உரிமை ராசப்பன் வீட்டுக்கு மட்டும் என்று ஆயிற்று. சென்னியப்பன் கூட்டத்துக்கே போகவில்லை. கால் கோணலாகச் சேர்ந்த பிறகு ராசப்பன் மலையேறவில்லை. அவர் மூத்த மகன் மணியன் ஏறினான். ஒருநாள் வசந்தாமணி ஒரு பெட்டைக்கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து பாவாயியிடம் கொடுத்துவிட்டுப் போனார். சென்னியப்பன் கட்டை அவிழ்த்து, "போ, உன்ற ஊட்டுக்கு" என்று விரட்டினார். கோழி போகாமல் அங்கேயே மேய்ந்தது. அதையும் திட்டிக்கொண்டே வளர்த்தார்கள்.

இதற்குப் பிறகுதான் அவரிடம் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. கார்த்திகையன்று மலையில் தீ தெரிந்து ஊரெல்லாம் விளக்கேற்றினாலும், அவர் வீடு இருட்டாகவே கிடக்கும். பாவாயி அகல்களுக்கு எண்ணெய் விட்டுத் திரி போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார். சென்னியப்பன் மலையடிவாரத்தில் தடம் முடிகிற இடத்துக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்துகொள்வார். ஏறினவன் இறங்கி வந்து கண்ணில் படுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். ஆண்டவரின் தீபத்தை மதிக்காதவன், அதனால்தான் வீடு விளங்கவில்லை என்று ஊரில் பேசினார்கள். நேரிலும் சொன்னார்கள். "நான் தீபத்தையாடா நம்பல? உங்களைத்தான் நம்பல" என்பார்.

எண்பத்து மூன்றோ நான்கோ, அந்தக் கார்த்திகையிலும் மழை. உச்சியில் தீ தெரிந்து, ஊர் விளக்கேற்றி வெகு நேரமாகியும் மணியன் இறங்கவில்லை. கோயிலுக்குக் கொண்டுபோன தேங்காய்த் தட்டோடு நான் அந்தப் பக்கமாக வந்தேன். கல்லில் சென்னியப்பன். பத்தடி தள்ளிப் பாலத்துக் கட்டையில் தடியை ஊன்றிக்கொண்டு ராசப்பன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ராசப்பன் இருட்டைப் பார்த்துச் சொன்னார்: "ஓடையில தண்ணி வந்திருக்குமாட்ட."

சென்னியப்பன் மலையைப் பார்த்துச் சொன்னார்: "சுத்தி வரச் சொல்லி உட்டிருக்கோணும். அப்பனுக்கு இருக்கற அறிவுதான மகனுக்கும்."

"சொல்லித்தான் உட்டேன்."

"சொன்னது நெசமா பொய்யான்னு யாருக்குத் தெரியும்? உன்ற வாயி ரெண்டும் சொல்லும்."

ராசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். தடியின் நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லாட்டி…" என்று ஆரம்பித்தார்.

"சத்தம் போடாத. காலடிச் சத்தம் கேக்க வேண்டாமா?"

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூங்கில் காட்டுப் பக்கமிருந்து கல் உருளுகிற சத்தம் வந்தது. பிறகு மணியன், தலையில் வெறுங்குடத்தோடு, சேறும் முள்ளுமாக வந்து சேர்ந்தான்.

"ஏன்டா, மேல ஆண்டவரு பந்தி போட்டாரா? இந்நேரத்துக்கு வாரே" என்றார் சென்னியப்பன். அவனைத் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒருதரம் பார்த்துவிட்டு எழுந்தார். ராசப்பன் பக்கம் திரும்பவே இல்லை. நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். தன் வீட்டு வேலி வந்ததும் அவர் வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"எறங்கிட்டான். ஏத்து."

பாவாயி உள்ளே தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டது.